கசப்பு போதாத மனிதர்

காலையில் பல் துலக்கும்போதே ஆறுமுகநயினாரின் மூளையை அளந்து சொல்லிவிடும், அவர் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி. செவ்வாயில், செம்பாறைக் குடியேற்றத்தில், எல்லார் வீட்டிலும் அப்படித்தான். பூமியில் ஒரு காலத்தில் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்களாம். செம்பாறை மக்கள் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வார்கள். அங்கே மூச்சு எவ்வளவு உதவியதோ, இங்கே முகமும் அவ்வளவுதான் உதவியது.

"மூன்று புள்ளி எட்டு," என்றது கண்ணாடி.

நயினார் வாய் நிறைய நுரையோடு, "இன்னொரு தடவை நல்லாப் பாரு," என்றார்.

"மூன்று புள்ளி எட்டு. ஈறுகளில் இன்னும் மெதுவாகத் தேய்க்கவும்."

அது அளந்தது மூளை முழுவதையும் அல்ல. நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டி, சற்று உள்ளே தள்ளி ஒரு சின்ன மடிப்பு இருக்கிறது. விடாப்பிடி மடிப்பு என்று பெயர். செய்யப் பிடிக்காத ஒன்றை ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யும்போது அது தடிக்கும். பிடித்ததைச் செய்தால் தடிக்காது. மலை ஏறுவதில் ஆசை உள்ளவர் எத்தனை மலை ஏறினாலும் மடிப்பு அசையாது. அவரே இறங்கி வந்து சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்டால் உடனே அசையும். இந்த மடிப்பைப் பற்றி இருபத்தோராம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்ட மக்கள், அதைத் தடிக்க வைப்பது எப்படி என்று விளக்கும் காணொளிகளை ஒன்றுவிடாமல் பார்த்தார்கள். படுத்துக்கொண்டு பார்த்தார்கள்.

செவ்வாயில் படுத்திருக்க முடியவில்லை. குடியேறிய புதிதில் செம்பாறையைக் கிட்டத்தட்ட ஒழித்துக் கட்டியது புழுதிப் புயலோ கதிர்வீச்சோ அல்ல. காற்று வடிகட்டியைத் துடைக்க வேண்டிய ஒருவர், 'நாளைக்குப் பாத்துக்கிடலாம்' என்று நினைத்தார். அவ்வளவுதான். ஒரு கூரைக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் மயங்கி விழுந்தார்கள், அவரும்தான். அதற்குப் பிறகு சட்டம் வந்தது. குடியேற்றத்தில் வசிக்க மடிப்பு நான்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அடுத்த கப்பலில் பூமிக்கு. பூமிக்குப் போக முடியாதவர்கள் துருவத்துப் பனிச் சுரங்க முகாமுக்கு. அங்கே கசப்பு கேட்காமலே கிடைக்கும்.

கசப்பு என்பது செம்பாறையில் ஒரு கடமை. ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காத ஒரு வேலையைப் பதிந்துகொண்டு தினமும் செய்ய வேண்டும். வழியில் பார்த்துக்கொண்டால், 'சாப்பிட்டாச்சா' என்று கேட்காமல், 'கசப்பு முடிச்சாச்சா' என்று கேட்பார்கள். ஐஸ் தொட்டியில் கழுத்தளவு நிற்பதுதான் பலருடைய கசப்பு. பெருமைக்குப் பெருமை, முடிந்ததும் சூடாகத் துண்டும் கொடுப்பார்கள்.

நயினாரும் ஐஸ் தொட்டியில்தான் தொடங்கினார். முதல் வாரம் பல் தந்தியடித்தது. இரண்டாம் வாரம் பக்கத்துத் தொட்டிக்காரரோடு பேச்சுக் கொடுத்தார். மூன்றாம் வாரம் தொட்டிக்குள் நின்று பாட ஆரம்பித்தார். மடிப்பு வளர்வது நின்றுபோனது. சரி என்று பாசித் தொட்டி சுரண்டும் வேலைக்கு மாறினார். குமட்டிக்கொண்டு வரும் என்று எல்லாரும் உறுதி சொன்ன வேலை. அவர் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பெயர் வைத்து, 'என்ன ராசாத்தி, இன்னைக்கு வழுக்கல் கூடுதலா இருக்கு' என்று நலம் விசாரித்துக்கொண்டே சுரண்டினார். பாகற்சாறுக்கு மாறினார், நான்காம் நாள் இன்னொரு டம்ளர் கேட்டார். குடியேற்றத் தலைவரின் வாராந்திர உரையை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் கசப்பு ஒன்று இருந்தது. யாரும் எடுக்கத் துணியாதது. அங்கே போய் அவர் அருமையாகத் தூங்கினார்.

அவருடைய கோளாறு சோம்பல் அல்ல. எதையும் நாலு நாள் செய்தால் அவருக்கு அது பிடித்துப்போய்விடும். சட்டத்தை எழுதியவர்கள் இப்படி ஒரு மனிதர் பிறப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

"மூணு புள்ளி எட்டா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் கோமதி. கண்ணாடியின் குரல் வீடு முழுக்கக் கேட்கும்.

"எடை குறைஞ்சா சந்தோசப்படுதோம். இதுக்கு மட்டும் என்னத்துக்கு ஒப்பாரி?"

கோமதி சிரித்தாள். எப்போதும் போல, கொஞ்சம் தலையைச் சாய்த்து.

கோமதியின் மடிப்பு ஆறு புள்ளி ஒன்பது. செம்பாறையிலேயே அதுதான் உச்சம். மடிப்பு அலுவலகத்தின் வாசலில் அவள் படம் தொங்குகிறது. அதற்கு மேல் தன்னை அளக்க வேண்டாம் என்று வீட்டுக் கண்ணாடியிடம் எப்போதோ சொல்லிவிட்டாள். முதல் கப்பலில் வந்தவள்; தக்காளிக் கூடாரத்தின் காற்றுக் குழாய்களைக் கட்டி மேய்ப்பவள். செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் நெடுங்காலம் இருந்து எலும்பு மெலிந்துவிட்டதால் இனி பூமியில் அவளால் எழுந்து நிற்கக்கூட முடியாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். பிந்தி வந்த நயினாரின் எலும்பு இன்னும் தாங்கும். அவரைக் கப்பல் ஏற்றினால் கோமதி இங்கே, அவர் அங்கே. நடுவில் கோடிக்கணக்கான மைல்.

அந்தத் தூரம் அவருக்குப் புதிதல்ல. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு, செவ்வாயில் இருந்த கோமதியைத் திரையில்தான் பெண் பார்த்தார். இங்கே பேசியது அங்கே போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். கூச்சத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவைக் கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அப்புறம் திரையில் கோமதி சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவர் கப்பல் ஏறினார்.

கதை இதுதான். தூத்துக்குடி ரயிலில் ஒருவன் ஆட்டோடு ஏறிவிட்டான். பரிசோதகர் வந்து, "ஆட்டுக்கு டிக்கெட் எங்கே?" என்கிறார். "ஆடு தின்னுருச்சு சார்," என்கிறான். "சரி, உன் டிக்கெட் எங்கே?" என்கிறார். "அதுக்கு ரெண்டு நாளாப் பசி சார்," என்கிறான்.

நயினார் இதைச் சொல்ல ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். ரயிலின் சத்தம், பரிசோதகரின் மூக்குக் குரல், இடையிடையே ஆடு. எல்லாம் அவரே. பதினெட்டு வருடமாக வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லி வருகிறார்.

*

மடிப்பு அதிகாரி ஜெபசிங்குக்கு முப்பத்தைந்து வயது. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். நயினார் மேல் அவனுக்கு உண்மையிலேயே பிரியம். அதனால்தான் அவர் அலுவலகத்துக்குள் வந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அடுத்த அறுவடைக்குப் பெறகு கப்பல் வருது, அண்ணாச்சி. உங்க பேரை எழுதாம இருக்க எனக்கு வழி தெரியல."

"ஏதாவது புதுக் கசப்பு சொல்லு ஜெபசிங். நல்லாப் பிடிக்காததா."

"என்னத்தச் சொல்ல? எது கொடுத்தாலும் ரசிச்சிருதீங்க. பாகற்சாறு கொடுத்த ஆளு உங்களைப் பாத்துட்டு அவரு கசப்பையே மாத்திட்டாரு."

நயினார் வாசலில் தொங்கிய படத்தைப் பார்த்தார். "கோமதி என்ன செய்யுதாளோ அதையே நானும் செஞ்சா?"

எல்லார் காதுக்குப் பின்னாலும் நெல்மணி அளவில் ஒரு பரல் பதித்திருக்கும். மடிப்பு எப்போது வேலை செய்கிறது, எப்போது தூங்குகிறது என்பதை அது கோடாக வரைந்துகொண்டே இருக்கும். கணவன் கேட்டால் மனைவியின் கோட்டைக் காட்டலாம் என்று விதி இருந்தது. கேட்காமல் இருப்பது நல்லது என்று விதியில் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

ஜெபசிங் சுவரில் கோட்டை விரித்தான். "அக்கா பதிஞ்ச கசப்பு ஓட்டம். தெனமும் காலைல வளைவுப் பாதையில ஓடுதாங்க. இந்தா, இதான் ஓடுற நேரம்." கோடு தொட்டில் குழந்தை போலத் தூங்கிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா? அக்காவுக்கு ஓடப் பிடிச்சிருக்கு. வெளிய சொல்லிராதீங்க."

"அப்பம் எங்க ஏறுது?"

"அதான் பாக்கேன்." விரலால் கோட்டை நகர்த்தினான். பகல் முழுக்கச் சமவெளி. சாயங்காலம் திடீரென்று செங்குத்தாக ஏறி, ஒரு மணி நேரம் உச்சியில் நின்று, இறங்கியது. முந்தைய நாளும் அப்படியே. அதற்கு முந்தைய நாளும். "யம்மாடி. சாயங்காலம் அக்கா அப்படி என்ன வேலை பாக்காங்க?"

"ஒரு வேலையும் கிடையாதே. ராச்சாப்பாட்டுக்கு உக்காருவோம். அவ கேட்டுட்டிருப்பா. நான் பேசிட்டிருப்பேன்."

ஜெபசிங் விரலை எடுத்துவிட்டான். மேசையில் இருந்த குடுவையை எடுத்து, "தண்ணி குடிக்கீங்களா அண்ணாச்சி?" என்றான்.

"இரு. இந்தக் கொம்பு என்னது? எல்லாத்தையும்விட ஒசரமா நிக்கி?"

"அது போன அறுவடை விருந்து."

நயினார் யோசித்தார். விருந்தில் ஒலிபெருக்கியை வாங்கி ஆட்டுக் கதையைச் சொன்னார். ஊரே கைதட்டியது. கோமதி முன்வரிசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

"ஒரே இடத்துல ரெண்டு கொம்பு இருக்கே?"

"நீங்க ரெண்டு தடவை சொன்னீங்க அண்ணாச்சி."

"பிந்தி வந்தவங்க கேக்கலையே."

"ஆமா," என்றான் ஜெபசிங்.

நயினார் குடுவைத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். செம்பாறையின் இணையற்ற மன உறுதி, ஊருக்கே எடுத்துக்காட்டான மடிப்பு, வாசலில் மாலை போட்டுத் தொங்கும் ஆறு புள்ளி ஒன்பது. அத்தனையும் அவர் கைவண்ணம். பதினெட்டு வருடமாக அவர் ஆடு மாதிரிக் கத்திக் கத்தி வளர்த்தது.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லிராதே ஜெபசிங்."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. நானே மூணு புள்ளி தொண்ணூத்தொம்பது வரை போயிட்டு வந்த ஆளு. எப்பவும் விளிம்புலதான் நிக்கேன். ஐஸ் தொட்டியில நிக்கேன், ஒத்தக் கால்ல நிக்கேன்."

"கல்யாணம் ஆகலைல்லா," என்றார் நயினார், பழக்க தோஷத்தில். அதற்கு அவரே சிரிக்கவில்லை.

*

அன்று சாப்பாட்டு மேசையில் நயினார் வாயைத் திறக்கவில்லை.

கோமதி இட்லியை வைத்தாள். தக்காளிச் சட்னி வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"மேலுக்குச் சொகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

காற்றுக் குழாயின் இரைச்சல்கூடக் கேட்டது. பிறகு, கதவு திறந்திருக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பவளைப் போல, கோமதி மெதுவாக ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு நம்ம செண்பகம், ஏழாம் நம்பர் அடைப்பானைத் திருகப் போனா. அது திருகலை. அது ஏன்னு கேட்டா, போன வருசம் அதை மாட்டினது அவ மச்சான். அந்த மச்சானுக்கும் செண்பகத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அது எதுனாலன்னா..."

அடைப்பானைத் திருகப் போன செண்பகத்தைப் பற்றி நயினாருக்கு அருமையான ஒரு சிரிப்பு வெடி தோன்றியது. வாயைத் திறந்தார். இட்லியைப் போட்டு மூடினார். மச்சான் என்றதும் இன்னொன்று தோன்றியது. தண்ணீர் குடித்தார். கதை அடைப்பானை விட்டு மச்சானுக்குப் போய், மச்சானின் முதலாளிக்குப் போய், முதலாளி வாங்கிய குழாயின் தரத்துக்குப் போய், திரும்பி வருகிற மாதிரி வந்து வராமல் போனது. முடிவு எங்கே, வெடி எங்கே என்று அவர் மனம் அலைந்தது. நாக்கு நுனியில் ஏழெட்டு வேடிக்கைகள் வரிசையில் நின்று முட்டித் தள்ளின. நெற்றியில் வேர்த்தது. நெற்றிக்குப் பின்னால், சற்று உள்ளே, யாரோ ஊசியால் கிளறுவது போல இருந்தது.

மறுநாள் காலை கண்ணாடி, "மூன்று புள்ளி எட்டு ஐந்து," என்றது. பிறகு, பழக்கமில்லாத ஒன்றைச் சொல்வது போல, "வாழ்த்துகள்," என்றது.

நயினாருக்குத் தன் கசப்பு கிடைத்துவிட்டது. ஐஸ் தொட்டியும் பாசியும் பாகற்காயும் சாதிக்காததை, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது சாதித்தது. மடிப்பு ஏறிக்கொண்டே போனது. அறுவடைக்கு முன்னாலேயே நான்கு புள்ளி இரண்டைத் தொட்டது.

கூடவே ஒரு விபரீதமும் நடந்தது. கோமதி பேசப் பேச, பதினெட்டு வருடமாகத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியவந்தது. புயல் அடிக்கும்போது கூரையில் மணல் உரசும் சத்தம் அவளுக்குப் பயம். அவள் எழுந்து போய் அடைப்பான்களைச் சரிபார்ப்பது கடமையால் அல்ல, அந்தப் பயத்தால். முதல் கப்பலில் வரும்போது புளியங்கொட்டை ஒன்றைக் காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். அது முளைக்கவேயில்லை, ஆனாலும் இன்னும் வைத்திருக்கிறாள். செண்பகத்தின் மச்சான் உண்மையில் நல்ல மனுசன். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வீட்டுக்கு விரைவாக நடந்துகொண்டிருந்தபோது நயினார் சட்டென்று நின்றார். மச்சானுக்கும் செண்பகத்துக்கும் நேற்று பேச்சுவார்த்தை தொடங்கியதா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் இவ்வளவு வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

அவருக்கு இதுவும் பிடித்துப்போய்விட்டது.

மறுநாள் கண்ணாடி, நான்கு புள்ளி ஒன்று என்றது.

*

கப்பல் வந்து இறங்கிய அன்று ஊரே வரிசையில் நின்று அளந்துகொண்டது. நயினாருக்கு நான்கு புள்ளி பூஜ்யம். நூலிழை. ஜெபசிங் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பின்னால் வந்த கோமதி கருவிக்குள் தலையை வைத்தாள். வாசலில் படமாகத் தொங்குபவளை அளப்பதே ஒரு சடங்கு என்று நினைத்து யாரும் திரையைப் பார்க்கவில்லை.

கருவிதான் சொன்னது. "மூன்று புள்ளி ஒன்பது."

ஜெபசிங் மூன்று முறை அளந்தான். கருவியை மாற்றி அளந்தான். ஒரு வருடமாக அவள் கோடு காலை, பகல், சாயங்காலம் எல்லாம் ஒரே சமவெளி. கசப்பே இல்லாத ஒரு வருடம்.

"அக்கா," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "உங்க எலும்புக்குப் பூமி ஆகாது. சட்டப்படி பனி முகாம்தான். வண்டி ஒரு வாரத்துல கெளம்புது. அதுக்குள்ள ஏறிட்டுன்னா பரவாயில்லை. ஒருகாலத்துல தடிச்சிருந்த மடிப்பு சீக்கிரம் ஏறும்."

இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். கதவை மூடியதும் நயினார் சொன்னார்.

"உன் கோட்டை நான் பாத்துட்டேன், கோமதி. போன வருசமே."

கோமதி செருப்பைக் கழற்றுவதை நிறுத்தினாள்.

"ஆட்டுக் கதைக்கு எம்புட்டு ஒசரம் ஏறுதுன்னும் பாத்தேன்."

"ஜெபசிங் காட்டினானா? அவனுக்கு நாளைக்கு இருக்கு."

"பதினெட்டு வருசம். ஒரு வார்த்தை, 'போதும்'னு சொல்லியிருக்கலாமே ஏட்டி."

"சொல்லலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் வாயெடுப்பேன். அதுக்குள்ள நீங்க ஆடா மாறிருவீங்க. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்பிடிச் சொல்ல?"

நயினார் நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்கவேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கேட்பதற்கே மடிப்பு தேவைப்பட்டது.

"அப்பம் அன்னைக்கு? திரையில? மொதத் தடவை?"

"அன்னைக்கு நெசம்," என்றாள் கோமதி. "அன்னைக்குச் சிரிச்சுத்தானே புரையேறிச்சு. மொதத் தடவைக்கு நல்ல கதைதாங்க அது. ரெண்டாவது தடவைக்கும் பரவாயில்லை."

எதிரில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேருடைய கோட்டையும் சுவரில் ஓடவிட்டாள். கைகளை மடியில் கட்டிக்கொண்டாள், ஊசி போட்டுக்கொள்ள உட்கார்ந்தவளைப் போல.

"ம். சொல்லுங்க."

"எதை?"

"ஆட்டைத்தான். எனக்குப் பனியில போய் நிக்க முடியாது."

நயினார் தொண்டையைச் செருமினார். "தூத்துக்குடி ரயில்ல..." பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, கதை கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கதை சொன்னார். அவள் உதட்டோரம் எப்போது இறுகுகிறது, சிரிப்பை எந்த இடத்தில் எடுத்து மாட்டிக்கொள்கிறாள் என்பதெல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு வரியும் முள்ளாக இறங்கியது. "நிறுத்திரட்டுமா?" என்றார். "ரயிலு இன்னும் மணியாச்சிகூடத் தாண்டலை," என்றாள் அவள். ஆடு கத்த வேண்டிய இடத்தில் கத்தினார். ஒரு ஆட்டை அவ்வளவு துக்கமாக யாரும் கத்த வைத்திருக்க மாட்டார்கள். பசி வந்தது. டிக்கெட் போனது. கோமதி தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

சுவரில் இரண்டு கோடுகளும் செங்குத்தாக நின்றன. கேட்க முடியாமல் கேட்டவளுடையதும், சொல்ல முடியாமல் சொன்னவருடையதும், ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு.

"இன்னொரு தடவை," என்றாள் கோமதி, பல்லைக் கடித்துக்கொண்டு.

வாரம் முழுக்கச் சொன்னார். பனி முகாம் வண்டி கோமதி இல்லாமலே கிளம்பிப் போனது.

*

கோமதியின் மடிப்பு ஒரே வாரத்தில் எப்படி ஏறியது என்று கேட்ட மேலிடத்துக்கு ஜெபசிங் உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. அந்த இரண்டு கோடுகளைப் பார்த்தவர்கள் சும்மா விடவில்லை. ஆறே வாரத்தில் செம்பாறைச் சபை ஆணை போட்டது. இனி எல்லாருக்கும் ஒரே கசப்பு. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் இன்னொருவர் எதிரில் உட்கார்ந்து, அவர் பேசி முடிக்கும்வரை கேட்க வேண்டும். நடுவில் மறிக்கக் கூடாது. 'எனக்கும் இதே மாதிரிதான்' என்று தன் கதையைத் தொடங்கக் கூடாது. மணிக்கட்டுத் திரையை ஓரக்கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது.

முதல் நாள், ஐஸ் தொட்டி வீரர்கள் பத்தே நிமிடத்தில் எழுந்து ஓடினார்கள். குடியேற்றத் தலைவர் எழுந்திருக்கவேயில்லை. எதிரில் இருந்தவருக்குப் பேச வாய்ப்பும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சபைக்கு ஒரு பெரிய மனு வந்தது. எங்களை மறுபடியும் ஐஸ் தொட்டியிலேயே நிற்க விடுங்கள், வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் குளிராக. ஜெபசிங் தினமும் நயினார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஆட்டுக் கதையை அசையாமல் கேட்டான். அவன் மடிப்பு ஐந்தைத் தாண்டியது. கோமதி அவனை மன்னித்தாள்.

சங்கதி பூமிக்கும் எட்டியது. அங்கிருந்து மிகுந்த மரியாதையோடு ஒரு வேண்டுகோள் வந்தது. மன உறுதியின் இரகசியத்தைப் பூமி மக்களுக்கும் நயினார் சொல்லித்தர வேண்டும். அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். பாசித் தொட்டி, கோமதியின் கோடு, புளியங்கொட்டை, செண்பகத்தின் மச்சான் எல்லாம் சொன்னார். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள், அவ்வளவுதான் விசயம் என்று முடித்தார்.

சில வாரம் கழித்து, பூமியில் வெளியான காணொளி செம்பாறைக்கு வந்தது. கோடிக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்களாம். கோமதியும் நயினாரும் சாப்பாட்டு மேசையிலேயே போட்டுப் பார்த்தார்கள். பக்கத்தில் வழக்கம் போல அவர்களுடைய கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு மணி நேரப் பேச்சு அரை நிமிடமாகியிருந்தது. கேட்பதைப் பற்றி நயினார் சொன்ன ஒரு வரிகூட இல்லை, நீளமாக இருந்ததாம். உறுமும் பின்னணி இசையோடு அவர் முகம் வந்தது. "ஆடு தின்னுருச்சு சார்," என்றார். அத்தோடு அவர் மறைந்தார். கறுப்புச் சட்டை போட்ட நிபுணர் ஒருவர் தோன்றி விரலை நீட்டினார். "ஆடு என்பது உங்கள் ஆசை. டிக்கெட் என்பது உங்கள் இலட்சியம். இன்றே உங்கள் ஆட்டைக் கட்டிப் போடுங்கள்!" ஓரத்தில், பெரும்பாலானோர் இந்த அரை நிமிடத்தையும் இரண்டு மடங்கு வேகத்தில் பார்த்ததாகக் குறிப்பு ஓடியது.

நயினார் திரையை நிறுத்தினார். பக்கத்தில் ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. திரும்பினார்.

கோமதி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பொத்திய கையை மீறிக்கொண்டு வந்தது. தோள் குலுங்கியது. "ஆட்டைக்... கட்டிப் போடணுமாம்," என்றாள். மூச்சு வாங்கியது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தலை சாயவில்லை, தலை மேசைமேலேயே கவிழ்ந்துவிட்டது. புரையேறியது.

நயினார் அவள் தலையில் தட்டிக்கொண்டே சுவரைப் பார்த்தார். அவளுடைய கோடு தொட்டில் குழந்தை போலத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, கோடு படுத்துட்டு," என்றார்.

"படுக்கட்டும்," என்றாள் கோமதி, இன்னும் தலையைத் தூக்க முடியாமல். "நாளைக்கு அந்தக் கதையைச் சொல்லி எழுப்பிவிடுங்க. இப்பம் அந்தக் கறுப்புச் சட்டைக்காரரு சொன்னதை இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். அந்தப் படுத்த கோட்டிலிருந்து மட்டும் அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.